உதட்டுக்குத் தெரிந்த பல்

கதவு திறந்தது. திங்கட்கிழமை நடந்தது அவ்வளவுதான்.

ஒத்திகைக் கூடத்துக்கு வெளியே சுவரோரமாக நின்று சின்னவள் டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தாள். தரை துடைக்கும் இயந்திரத்தோடு உள்ளேயிருந்து வந்தவர் கதவைத் தள்ளினார். கதவில் கண்ணாடி இல்லை. கதவு வாத்தியத்தை இடித்தது. வாத்தியம் அவள் வாயை இடித்தது. மேல்வரிசை முன்பல் ஒன்று பாதியாக உடைந்து காலடியில் விழுந்தது.

யார் மேலும் தப்பில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாததால் வீட்டில் எல்லோரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை மாலை பெரியவள் அந்தப் பல்லைக் கட்டிக் கொடுத்தாள். பெரியவள் பல் டாக்டர். உதட்டு வீக்கம் வடிய வேண்டும், வெள்ளிக்கிழமை வரை வாத்தியத்தைத் தொடாதே என்று தங்கையிடம் சொல்லியிருந்தாள். சின்னவள் தொடவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு நகர இசைக்குழுவில் தேர்வு. ஒரே ஓர் இடம். அந்தக் குழுவில் யாராவது ஓய்வு பெற்றால்தான் ஓரிடம் காலியாகும். இப்போது அங்கே டிரம்பெட் ஊதுகிறவர்கள் எல்லோரும் நாற்பதைத் தொட்டும் தொடாமலும் இருந்தார்கள். சின்னவள் சில வருடங்களாக அவர்களில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் மட்டும் போய் உட்கார்ந்து வருகிறாள்.

காலையில் மவுத்பீஸை உதட்டில் வைத்தாள். கீழ் ஸ்வரங்கள் வந்தன. மேலே போகப் போகச் சத்தம் மெலிந்தது. உச்சியில் வெறும் காற்று.

மறுபடி ஊதினாள். காற்று.

டிரம்பெட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

*

கிளினிக் நாற்காலியில் ஒரு பருத்த மனிதர் மல்லாந்து கிடந்தார். கடைவாய்ப் பல்லில் நெடுக்காக விரிசல்.

"எதைக் கடிச்சீங்க?" என்றாள் பெரியவள்.

"ஒண்ணும் இல்ல டாக்டர். சாதாரண சாப்பாடுதான்."

"சாதாரண சாப்பாட்டுக்கு இப்படிப் பிளக்காது. பாட்டில் மூடியா?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"ஓப்பனர் எப்பவும் தேடுற இடத்துல இருக்காது டாக்டர்."

"பல்லு இருக்கும். அதானே? இது பாதி ஏற்கெனவே அடைச்ச பல்லு. அடைப்பைச் சுத்தி நிக்கிற சுவரு மெலிசு. அதுல மூடியை வச்சு நெம்பினா சுவரு என்ன பண்ணும்?"

"பிடுங்கணுமா?"

"வேணாம். விரிசல் வேர் வரைக்கும் போகல. மேல கேப் போட்டு இறுக்கிப் பிடிச்சாப் பிழைச்சுக்கும். வேருக்குள்ள போயிருந்தா என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அப்போதுதான் சின்னவள் உள்ளே வந்தாள். பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"அக்கா, பல்லு சரியில்ல."

"சரியாத்தான் இருக்கு. கண்ணாடியில பாத்தியா? எது நான் வச்சது, எது உன்னோடதுன்னு உனக்கே தெரியாது."

"பாக்க நல்லாத்தான் இருக்கு. சத்தம் வரல."

"நாலு நாளா ஊதல. உதடு மறந்திருக்கும்."

"நாலு நாள்ல மறக்கிற உதடு இல்ல இது."

"அப்ப பயம். தேர்வு நாள்ல எல்லாருக்கும் வர்றதுதான்."

"அக்கா, என் உதடு எனக்குத் தெரியாதா?"

பருத்த மனிதர் வாயைத் திறந்தபடியே கண்ணை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார்.

"நீங்க வாயை மூடிக்கலாம் சார்," என்றாள் பெரியவள்.

*

பின்னறையில் அத்தான் உட்கார்ந்திருந்தார். பெரியவளின் கணவர். கிளினிக்குக்கு வேண்டிய கேப்களையும் கட்டுப் பற்களையும் அவர்தான் செய்கிறார். சின்னவளுக்கு அவர் அத்தான். கேட்டுக் கேட்டு வேலைக்கு வரும் பெண்ணும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். இப்போது நோயாளிகளில் பாதிப் பேருக்கு அவர் அத்தான். கையிலும் மீசையிலும் சுண்ணப்பொடி.

"வா பீப்பி," என்றார். "என்ன, வாசல்லயே சண்டை?"

"சண்டையெல்லாம் இல்ல. உங்க பொண்டாட்டி எனக்குப் பயம்னு சொல்றா."

"ஊது. கேப்போம்."

ஊதினாள். கீழ் ஸ்வரத்துக்கு அலமாரியில் இருந்த பல் அச்சுகள் கிடுகிடுத்தன. மேலே ஏறியதும் அறை அமைதியாகிவிட்டது. உச்சியில் அவள் கன்னம் சிவந்ததுதான் மிச்சம்.

வாசலில் பெரியவள் நின்றிருந்தாள். அந்த வெறும் காற்றை அவளும் கேட்டாள்.

"எங்க தடுக்குது?" என்றார் அத்தான்.

சின்னவள் நாக்கு நுனியால் பல்லின் இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்க முன்னாடி ஒரு மூலை இருக்காது."

"சின்ன வயசுல ஓடிக்கிட்டே தண்ணி குடிச்சு, டம்ளர்ல இடிச்சு உடைச்சுக்கிட்ட மூலை," என்றாள் பெரியவள். "அதையும் சேர்த்துத்தான் கட்டினேன். இத்தனை வருஷமா அசிங்கமா இருந்துச்சு."

"யாருக்கு?"

"எனக்கு. அம்மாவுக்கு. நீ சிரிச்சா முதல்ல அதுதான் தெரியும்."

"உங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியும். மேல போறப்ப என் உதடு அந்த மூலையிலதான் உக்காரும். காத்து அது வழியாத்தான் போகும். கத்துக்கிட்ட நாள்லேர்ந்து அப்படித்தான் ஊதுறேன். அதைப் போய் அடைச்சு வச்சிருக்க."

"நீ சொல்லியிருக்கணும்."

"நீ கேட்டியா? வாயைத் திறன்னு சொன்ன. திறந்தேன். முடிஞ்சுதுன்னு கையில கண்ணாடியைக் கொடுத்த."

பெரியவளின் கண் அந்தப் பல்லிலேயே இருந்தது. அவள் கையால் அதைவிட அழகான முன்பல் வந்ததில்லை. புதன்கிழமை அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தாள்.

"திரைக்குப் பின்னால நிக்கப் போறேன்க்கா. தேர்வு பண்றவங்களுக்கு என் முகமே தெரியாது. இந்தப் பல்லை யாரு பாக்கப் போறா?"

"சரி. அந்த மூலையைத் தேய்ச்சு எடுத்துடறேன்."

"எவ்வளவு தேய்ப்ப?"

அது பெரியவளுக்குத் தெரியாது. அந்த மூலையை யாரும் அளந்து வைக்கவில்லை. ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் உதடு ஒத்துக்கொள்ளப் போவதில்லை. மாலைக்குள் தேய்த்துத் தேய்த்துப் பழகிப் பார்க்க நேரமும் இல்லை.

அத்தான் எழுந்து போனார். மருந்து பாட்டிலின் மூடி ஒன்றைக் கொண்டு வந்து வைத்தார். அதில் கொஞ்சம் தண்ணீர். தண்ணீருக்குள் உடைந்த பல் துண்டு.

"தூக்கிப் போடலையா?" என்றாள் பெரியவள்.

"கலர் பாக்க வச்சிருந்தேன். காஞ்சா சுண்ணாம்பா வெளுத்துடும், கலர் தப்பாப் போயிடும். அதான் தண்ணியில போட்டேன். அப்புறம் ஞாபகம் இல்ல."

பெரியவள் லென்ஸை வைத்துப் பார்த்தாள். பழைய உடைந்த மூலை அப்படியே இருந்தது. வருடக்கணக்கில் உதடு பட்டு அதன் விளிம்பு மழுங்கியிருந்தது.

"இதையே ஒட்டலாமா?" என்றாள் சின்னவள்.

"ஒட்டலாம். நல்லாவே ஒட்டும்."

"திங்கட்கிழமையே ஒட்டியிருக்கலாம்," என்றார் அத்தான். குரலை உயர்த்தவில்லை. பெரியவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

*

"ஊசி போட முடியாது," என்றாள் பெரியவள். சின்னவள் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். பருத்த மனிதரை இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பியாயிற்று.

"ஏன்?"

"மேலுதடு மரத்துப் போயிடும். சாயங்காலம் உனக்கு உதடு இருக்கிறதே தெரியாது."

"அப்ப போடாத."

"நான் வச்சதைக் கடைஞ்சு எடுக்கணும். நரம்பு பக்கத்துலயே இருக்கு. கத்துவ."

"கத்தினா உதட்டுக்கு ஏதாவது ஆகுமா?"

"ஆகாது."

"அப்பச் சரி."

கடைவதற்கு முன் ஓர் எக்ஸ்ரே எடுத்தாள். திங்கட்கிழமை நேராக எடுத்திருந்தாள். இன்று கொஞ்சம் கீழிருந்து, சாய்வாக.

படம் திரையில் வந்தது. வேரின் நடுவில் குறுக்கே ஒரு மெல்லிய கோடு. திரையில் முடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்து விரலால் துடைத்தாள். கோடு போகவில்லை.

அத்தானைப் பார்த்தாள். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இருவரும் பின்னறைக்குப் போனார்கள்.

"வேர் உடைஞ்சிருக்கு," என்றார் அத்தான்.

"திங்கட்கிழமை தெரியல."

"தெரியாது. அடிபட்ட அன்னிக்கு ரெண்டு பாதியும் ஒட்டிக்கிட்டே இருக்கும். வீங்கி விலகின பிறகுதான் படத்துல விழும். உனக்குத் தெரியாததா?"

தெரியும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். பல்லைப் பக்கத்துப் பற்களோடு கம்பியால் கட்ட வேண்டும். ஒரு மாதமாவது அதன் மேல் எதுவும் படக் கூடாது. அசையாமல் விட்டால் உடம்பே அந்த உடைப்பை மூடிக்கொள்ளும். அசைந்தால் பல் கையோடு வந்துவிடும்.

டிரம்பெட்டின் உச்ச ஸ்வரத்துக்கு மவுத்பீஸ் அந்தப் பல்லின் மேல்தான் அழுந்தும்.

"சொல்லிடு," என்றார் அத்தான்.

"சொன்னா என்ன ஆகும்? போக மாட்டா. இல்ல, போயிட்டுப் பயந்து பயந்து ஊதுவா. ரெண்டும் ஒண்ணுதான்."

"அதுக்காக?"

"முடிஞ்சப்புறம் சொல்றேன்."

"இதை அவளுக்காகப் பண்றியா, புதன்கிழமை பண்ணினதுக்காகப் பண்றியா?"

பெரியவள் புதுக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

*

கடையும்போது சின்னவள் கத்தவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயின. தண்ணீர் பீய்ச்சும் சத்தத்துக்கு நடுவில் அத்தானின் ஃபோன் அடித்தது. அம்மா. அவர் கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாப்பிள்ளை, பெரியவ ஃபோனை எடுக்க மாட்டேங்கிறா. சின்னவ கிளம்பிட்டாளா?"

"இங்கதான் இருக்கா அத்தை."

"பல்லு எப்படி இருக்கு? படத்தைப் பக்கத்து வீட்ல காட்டினேன். சினிமாக்காரி பல்லு மாதிரி இருக்குன்னாங்க."

அந்தப் பல் அப்போது பொடியாகி உறிஞ்சு குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கு அத்தை."

"அது என்ன சத்தம்? யாரோ முனகுறாங்க?"

"ஒரு பேஷன்ட் அத்தை."

"பாவம். பெரியவளை மெதுவாப் பண்ணச் சொல்லுங்க. அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கை முரடு."

நாற்காலியில் கிடந்தவள் வலிக்கு நடுவில் சிரித்துவிட்டாள். டிரில் ஒரு நொடி நின்றது.

"சிரிக்காதடி. நரம்புல பட்டா நான் பொறுப்பில்ல."

துண்டு பொருந்தியது. உடைந்த கோட்டில் ஓரிடத்தில் மட்டும் சிறு பள்ளம். அதைப் பசை நிரப்பியது. நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தாள். பிறகு மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தாள்.

"இது எதுக்கு?"

"பல்லு ஆடாம இருக்க. உள்பக்கமா ஒட்டிடறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஊதுறப்ப நாக்கு எங்க தட்டும்?"

சின்னவள் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். நாக்கு தட்டும் இடத்தைக் காட்டினாள். பெரியவள் அதற்கு மேலே, ஈறுக்குப் பக்கத்தில் கம்பியை ஓட்டினாள். மூன்று பற்கள், மூன்று சொட்டுப் பசை. ஈறோரம் ஈரம் நிற்காத இடம் இல்லை. துடைத்துத் துடைத்து ஒட்டினாள்.

பின்னறையில் சின்னவள் எழுந்து நின்று ஊதினாள். கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏறினாள். உச்சிக்கு வந்தாள். சத்தம் வந்தது. மெலியாமல், நடுங்காமல், கூரையில் போய் மோதுகிற மாதிரி வந்தது. முன்னறையில் காத்திருந்த யாரோ ஒருவர் கை தட்டினார்.

"வந்துடுச்சு அத்தான்!" என்றாள். கண்ணில் நீர் நின்றது.

அத்தான் அவளைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

*

காரில் அத்தான் ஓட்டினார். பெரியவள் பக்கத்தில். சின்னவள் பின்னால், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே ஏதோ தாளம் போட்டபடி வந்தாள். சிக்னலில் வண்டி நின்றது.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றார் அத்தான், சாலையைப் பார்த்தபடி.

தாளம் நின்றது.

"என்ன?" என்றாள் சின்னவள்.

பெரியவள் திரும்பி உட்கார்ந்தாள்.

"வேர்ல ஒரு உடைப்பு இருக்கு."

"எதுல?"

"அந்தப் பல்லோட வேர்ல. குறுக்கால."

"எப்பத் தெரியும்?"

"மத்தியானம். எக்ஸ்ரேல."

"கம்பி அதுக்குத்தானா?"

"ம்."

பச்சை விழுந்தது. அத்தான் கிளம்பவில்லை. பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்தன. கிளம்பினார்.

"ஊதினா என்ன ஆகும்?"

"கம்பி பிடிச்சுக்கிட்டா நிக்கும். இல்லன்னா பல்லு கழண்டு வந்துடும்."

"வந்துட்டா?"

"எலும்புல ஸ்க்ரூ வச்சு, அது மேல பல்லு வைக்கலாம். பல மாசம் ஆகும். அந்தப் பல்லுல உன் உதடு..." பெரியவள் முடிக்கவில்லை.

"எப்ப சொல்றதா இருந்த?"

"தேர்வு முடிஞ்சப்புறம். நீ பயந்துகிட்டு ஊத வேணாம்னு."

"நான் பயப்படணுமா வேணாமான்னு நீயே முடிவு பண்ணிட்ட. மூலையை அடைக்கணுமா வேணாமான்னும் நீயேதான் முடிவு பண்ணின. என் வாய் என்ன உன் வீட்டு ஸ்டோர் ரூமா? நீயே திறந்து, நீயே அடுக்கி, நீயே பூட்டிட்டுப் போறதுக்கு?"

அத்தான் இருமினார்.

"நீங்க சிரிக்காதீங்க," என்றாள் பெரியவள்.

"நான் இருமினேன்."

கண்ணாடிக்கு வெளியே கடைகள் ஓடின.

"வண்டியைத் திருப்பட்டுமா பீப்பி?" என்றார் அத்தான்.

சின்னவள் பெட்டியின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள்.

"நேரா போங்க அத்தான்."

*

அத்தான் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போனார். அக்காவும் தங்கையும் நடைவழியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் பெட்டி.

தேர்வுக் கூடத்தின் கதவிலிருந்து திரை வரை தடித்த கம்பளம் விரித்திருந்தார்கள். செருப்புச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. உள்ளே போகிறவர் வாய் திறந்து பேசக் கூடாது. பெயர் கிடையாது, எண் மட்டும். சின்னவளின் எண் ஏழு, கடைசி.

வாசலில் நின்ற பெண் கையசைத்துக் கூப்பிட்டாள். சின்னவள் எழுந்து போனாள்.

கதவு மூடியது.

பெரியவளுக்குச் சங்கீதம் தெரியாது. தங்கை ஊதுவதை வீட்டில் வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறாள். சத்தத்தைக் குறை என்று சொல்லியிருக்கிறாள். இப்போது கதவில் காதை வைக்காத குறை. முதல் பகுதி மெதுவாக இருந்தது. அதில் அவளுக்குப் பயமில்லை. இரண்டாவது வேகமெடுத்தது. ஏறியது. பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்தது எக்ஸ்ரேயின் அந்தக் கோடு மட்டும்தான். மேலே, இன்னும் மேலே. அந்த ஸ்வரம் வந்தது. நின்றது. அவ்வளவு நேரம் ஏன் பிடிக்கிறாள்? விடு. விட்டுடு.

விட்டாள். இறங்கி வந்து முடித்தாள்.

பெரியவளின் முதுகு நனைந்திருந்தது.

சின்னவள் வெளியே வந்தாள். வாய் மூடியிருந்தது. வந்து உட்கார்ந்தாள்.

"நல்லா இருந்துச்சுடி. எனக்கே தெரிஞ்சுது."

தலையாட்டினாள்.

"வலிக்குதா?"

சின்னவள் எச்சில் விழுங்கினாள். பெரியவள் இன்னொரு முறை கேட்பதற்குள் அந்தப் பெண் கதவைத் திறந்து வந்தாள்.

"மூணாம் நம்பர், ஏழாம் நம்பர் மட்டும் இருங்க. மத்தவங்க கிளம்பலாம். கொஞ்ச நேரத்துல இன்னொரு சுத்து. இந்தத் தடவை மேல் ஸ்தாயி மட்டும் கேக்கணும்னு சொல்றாங்க."

எதிரே இருந்தவர்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். ஒருவர் சின்னவளைப் பார்த்துச் சிரித்து வாழ்த்துச் சொன்னார். அவள் உதட்டைத் திறக்காமல் தலையை அசைத்தாள். பிறகு அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு கழிவறைப் பக்கம் போனாள்.

*

முகம் கழுவும் தொட்டிக்கு மேலே விளக்கு இருந்தது. சின்னவள் அதன் கீழே நின்று வாயைத் திறந்தாள்.

கம்பி ஒரு பக்கம் விட்டிருந்தது. ஈறோரம் ரத்தம் நூல் மாதிரி ஓடியிருந்தது. பெரியவள் கையைக் கழுவினாள். கையுறை இல்லாமல் தங்கையின் வாய்க்குள் அவள் விரல் போனது அதுதான் முதல் தடவை. பல்லைத் தொட்டாள்.

அசைந்தது. கொஞ்சம்தான்.

பசையும் விளக்கும் கிளினிக்கில் இருந்தன. அவள் கைப்பையில் சீப்பும், தலைவலி மாத்திரையும், புருவ முடி பிடுங்கும் குறடும் கிடந்தன. குறடைக் கழுவி, நாக்கைக் குத்தாதபடி கம்பி நுனியை மடக்கி விட்டாள். வேறு எதுவும் செய்வதற்கில்லை.

"டாக்டரா சொல்லு," என்றாள் சின்னவள்.

"போகாத."

"அக்காவா சொல்லு."

"அதுவும் போகாதன்னுதான் வருது."

"போனா விழுந்துடுமா?"

பெரியவள் வாயைத் திறந்தாள். நாளெல்லாம் யாராவது அவளிடம் கேட்கிற கேள்விதான் இது. நிற்குமா, விழுமா, எத்தனை வருடம் தாங்கும். அவளிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும்.

"எனக்குத் தெரியாது," என்றாள். "நிக்கலாம். நிக்காமலும் போகலாம். தெரிஞ்ச மாதிரி சொன்னா அது பொய். இந்தப் பல்லு போனா திரும்ப இதே மாதிரி ஊதுவியான்னும் தெரியாது."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சின்னவள் அதை இறுக்கி மூடினாள்.

"இந்த இடம் போனாலும் திரும்ப வராது."

"வராது."

"போறேன்னு சொன்னா நீ என்ன பண்ணுவ?"

"கதவுக்கு வெளியில நிப்பேன். உங்க அத்தானைப் பால் வாங்கிட்டு வரச் சொல்லுவேன்."

"பாலா? எதுக்கு?"

"விழுந்தா பால்லதான் போட்டு வைக்கணும். பிரயோஜனம் இருக்குமோ இருக்காதோ."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லை விரலால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரியவளுக்கும் வந்தது. ஆனால் அது பாதியில் வேறு மாதிரி ஆனது. முகத்தைத் தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அழாதக்கா. மூணாம் நம்பர் முடிஞ்சிருப்பாங்க."

"நான் அழல."

"சரி, நீயும் இருமின."

சின்னவள் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மவுத்பீஸைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"பால் வாங்கச் சொல்லு," என்றாள்.

*

சின்னவள் உள்ளே போனாள். இந்த முறை கதவு முழுக்க மூடவில்லை. கம்பளத்தின் ஓரம் மடங்கி இடையில் மாட்டியிருந்தது. வாசலில் நின்ற பெண் அதைச் சரி செய்யக் குனிந்தாள். பெரியவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்துகொண்டாள்.

அத்தான் படியேறி வந்தார். கையில் பால் பாக்கெட்.

"என்ன ஆச்சு? யாருக்குப் பால்?"

பெரியவள் கையை நீட்டிப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டாள். இன்னொரு கையால் பேசாதீர்கள் என்று காட்டினாள். பாக்கெட் சில்லென்று இருந்தது. விரல் இடுக்கில் தண்ணீர் வழிந்தது.

திரைக்குப் பின்னால் ஏழாம் நம்பர் ஆழமாக மூச்சை இழுத்தாள்.